பதினோராவது பாடலுக்குப் பின் வர வேண்டிய அமைதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தொகுப்புகளை ஒலிப்பதிவு நிறுவனங்கள் புதுப்புது உறைகளில் இட்டு மீண்டும் மீண்டும் விற்பது பற்றித் தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் சொல்லப்பட்டிருக்கும் கவலைகளில் பலவும் நியாயமானவை. ஆனால் மறுவெளியீடுகள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்தி, எல்லாமே பணம் பண்ணும் வேலை என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பால் சைமன், ஆர்ட் கார்ஃபங்கல் என்ற அமெரிக்கப் பாடகர் இரட்டையரின் கடைசித் தொகுப்பான ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ அதில் ஒரே வரியில் எடுத்துக்காட்டாக வந்து போகிறது. அந்தத் தொகுப்போடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில் அதைக் கொண்டே என் மறுப்பைச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில், மறுவெளியீடு ஒரு படைப்புக்கு இழைக்கக்கூடிய கெடுதல், செய்யக்கூடிய நன்மை ஆகிய இரண்டுக்குமே அந்த ஒரு தொகுப்பில் சான்று இருக்கிறது.

1970 ஜனவரி 26 அன்று கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட இந்தத் தொகுப்பு, இரட்டையரின் ஐந்தாவது ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பு. அமெரிக்காவில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. தலைப்புப் பாடல் தனியாக ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1971ஆம் ஆண்டு கிராமி விழாவில் தொகுப்புக்கும் பாடலுக்குமாகச் சேர்த்து ஆறு விருதுகள் கிடைத்தன. அந்த விருதுகள் கைக்கு வந்தபோது இருவரும் பிரிந்துவிட்டிருந்தார்கள். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் பள்ளிப் பிள்ளைகளாகப் பழகத் தொடங்கி, 1957இல் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ என்ற பெயரில் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, இரண்டு குரல்களைக் கேட்பவருக்கு ஒரே குரல்போல் ஒலிக்கும் அளவுக்குப் பிணைத்துப் பாடக் கற்றிருந்தவர்கள், தங்கள் பெரும் வெற்றியின் உச்சியிலேயே விலகிப் போனார்கள்.

அந்த விலகல் தொகுப்புக்குள்ளேயே கேட்கிறது என்பதுதான் என் வாதத்துக்கு அடிப்படை. மைக் நிக்கல்ஸ் இயக்கிய ‘கேட்ச்-22’ திரைப்படத்தில் நடிப்பதற்காகக் கார்ஃபங்கல் 1969இல் மெக்சிகோ சென்றிருந்தார். அதே படத்தில் சைமனுக்கு இருந்த வேடம் படப்பிடிப்புக்கு முன்பே நீக்கப்பட்டுவிட்டது. நண்பர் இல்லாத நியூயார்க்கில் தனியே பாட்டு எழுதிக்கொண்டிருந்த சைமன், ‘தி ஒன்லி லிவிங் பாய் இன் நியூயார்க்’ பாடலில் நண்பரை ‘டாம்’ என்று விளித்தார். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ காலத்துப் பெயர் அது. வெளியூர் போகும் நண்பனை மனக்கசப்பில்லாமல் வழியனுப்பும் பாடலாக அது தொடங்குகிறது. பிற்பகுதியில் இருவரும் எதிரொலி அறைக்குள் நின்று திரும்பத் திரும்பப் பாடி அடுக்கிய குரல்கள் எங்கோ தொலைவில் ஒரு பெருங்கூட்டம் பாடுவதுபோல் எழுகின்றன. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் என் கைவேலை நின்றுவிடுகிறது. பிரிவைப் பற்றிய பாடலை இருவரும் சேர்ந்து நின்று பாடியிருக்கிறார்கள்.

தொகுப்பின் வரிசையைக் கவனியுங்கள். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ஐந்து பாடல்கள், இரண்டாம் பக்கத்தில் ஆறு. முதல் பக்கம் ‘ஸோ லாங், ஃபிராங்க் லாயிட் ரைட்’ என்ற பாடலோடு முடிகிறது. கட்டடக் கலை படித்த கார்ஃபங்கல், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டைப் பற்றி ஒரு பாடல் எழுதும்படி நண்பரிடம் கேட்டார். சைமனோ ரைட்டுக்கு விடைகொடுப்பதுபோல் நண்பருக்கே விடைகொடுத்து எழுதினார். பாடல் தேய்ந்து மறையும் இடத்தில் காதைக் கூர்மையாக்கிக் கேட்டால், தயாரிப்பாளரும் ஒலிப்பதிவாளருமான ராய் ஹாலியின் குரல் தொலைவிலிருந்து ‘ஆர்ட்டி’ என்று கார்ஃபங்கலைச் செல்லமாக அழைத்து விடைசொல்வது கேட்கும். அந்த நேரத்தில் அது வேடிக்கையாகத்தான் செய்யப்பட்டிருக்க வேண்டும். இன்று அது வேடிக்கையாக ஒலிப்பதில்லை.

இரண்டாம் பக்கமும் அப்படித்தான் விடைபெறுகிறது. ‘பை பை லவ்’ எவர்லி சகோதரர்களின் பாடல். இவ்விருவரும் இளவயதில் யாருடைய குரலிணைப்பைக் கேட்டுக் கேட்டுப் பாடப் பழகினார்களோ, அவர்களுடைய பாடலை அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் நடந்த நிகழ்ச்சியில், மக்கள் கைதட்டித் தாளம் போடப் பாடி அப்படியே தொகுப்பில் சேர்த்தார்கள். அந்த ஆரவாரம் ஓய்ந்ததும் ‘ஸாங் ஃபார் தி ஆஸ்கிங்’ வருகிறது. சைமன் மட்டும் பாடுகிறார். கிதாரும் மெல்லிய தந்தி இசையும் தவிர வேறு பெரிய துணை கிடையாது. இரண்டு நிமிடம்கூட முழுதாக நீளாத பாடல் அது. கேட்டால் என் பாட்டைத் தருகிறேன், என்னை மாற்றிக்கொள்ளவும் தயாராக இருக்கிறேன் என்பதுபோன்ற பணிவு அதில் இருக்கிறது. இரட்டையராக இருந்தவர்களின் கடைசித் தொகுப்பு ஒற்றைக் குரலில் முடிகிறது. அதன் பின் இசைத்தட்டில் ஊசி உள்வட்டத்துக்குப் போய்விடும். அறையில் ஓசை இராது. அந்த ஓசையின்மையையும் தொகுப்பின் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

2001இல் வந்த மறுவெளியீட்டில் அந்த அமைதி பறிபோயிற்று. அந்தக் குறுந்தகட்டை நான் ஆவலோடுதான் வாங்கினேன். ஒலி துலக்கமாக இருந்தது. அதுவரை என் பழைய ஒலிநாடாவில் புகைபோலக் கேட்ட மத்தளத் தட்டுகள் தனித்தனியே எழுந்தன. பதினோராவது பாடல் முடிந்தது. நான் வழக்கம்போல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சில நொடிகளுக்குள் கருவியின் சிறு திரையில் எண் 12 என்று மாறியது. ‘ஃபேயோ’ என்ற ஹெய்ட்டி நாட்டுப்புறப் பாடலின் மாதிரிப் பதிவு தொடங்கிவிட்டது. அதை அடுத்து, தலைப்புப் பாடலின் ஆறாவது மாதிரிப் பதிவு. கச்சேரியில் மங்களம் பாடி முடித்தபின் யாரோ மறுபடி சுருதி கூட்டத் தொடங்கினால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படித்தான் இருந்தது. கை நீட்டி நிறுத்தினேன். அன்றிலிருந்து அந்தக் குறுந்தகட்டைப் போடும்போதெல்லாம் பதினோராவது பாடல் முடிகிற தருணத்தில் நிறுத்துபொத்தான் அருகே விரலை வைத்துக் காத்திருப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு பாடலை இப்படிக் காவல் காத்துக்கொண்டு கேட்க முடியுமா?

இது ஒரு கேட்பவரின் மனச்சலிப்பு மட்டுமன்று. அந்தத் தொகுப்பில் ஏன் பதினொரு பாடல்கள் இருக்கின்றன என்பதற்கே ஒரு கதை உண்டு. பன்னிரண்டாவதாக ஒரு பாடலைச் சேர்ப்பதாகத்தான் முதலில் எண்ணம். அன்றைய அமெரிக்க அதிபர் நிக்சனைச் சாடித் தாம் எழுதிய அரசியல் பாடலைச் சேர்க்க வேண்டும் என்றார் சைமன். கார்ஃபங்கல் அதற்கு உடன்படவில்லை; ஜெர்மானிய இசைமேதை பாக்கின் இசையைச் சார்ந்த கூட்டுப்பாடல் ஒன்றை அவர் விரும்பினார். சைமன் அதற்கு உடன்படவில்லை. இருவரும் விட்டுக்கொடுக்காததால் இரண்டுமே வேண்டாம் என்று பதினொன்றோடு நிறுத்தினார்கள். ஆக, பன்னிரண்டாவது இடம் காலியாக இருப்பதே இருவரும் பிரிந்த வரலாற்றின் ஒரு தடயம். 2001 பதிப்பில் அந்தக் காலியிடத்தில்தான் ஒரு பாடல் கொண்டுவந்து உட்கார்த்தப்பட்டது. அதுவும் எந்தப் பாடல்? கார்ஃபங்கல் 1973இல் தம் முதல் தனித்தொகுப்பில் பாக் இசையோடு இணைத்துப் பாடிய அதே ஹெய்ட்டிப் பாடல். இருவராலும் தீர்த்துக்கொள்ள முடியாத வழக்கில், முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் பக்கம் தீர்ப்பு எழுதியதுபோல் ஆகிவிட்டது. அப்பதிப்பை உருவாக்கியவர்கள் அப்படி எண்ணிச் செய்திருக்க மாட்டார்கள் என்பது உறுதி. எண்ணாமல் செய்தார்கள் என்பதே என் குறை.

மாதிரிப் பதிவுகளே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. தலைப்புப் பாடலின் ஆறாவது மாதிரி எனக்கு மிகவும் விருப்பமானது. ஸ்வான் சில்வர்டோன்ஸ் என்ற நற்செய்திப் பாடகர் குழுவின் கிளாட் ஜீட்டர், ஆழ்ந்த நீரின்மேல் உனக்குப் பாலமாக இருப்பேன் என்று பாடிய ஓர் அடியிலிருந்து முளைத்த பாடல் இது. சைமன் எழுதி முடித்தபோது இரண்டு சரணங்களே இருந்தன. கார்ஃபங்கலும் ஹாலியும் வற்புறுத்திய பிறகே மூன்றாவது சரணத்தை ஒலிப்பதிவுக்கூடத்தில் எழுதினார். இதை நீயே பாடு என்று சைமன் நண்பரிடம் கொடுத்தார். உன் குரலிலேயே நன்றாக இருக்கிறது என்று கார்ஃபங்கல் முதலில் தயங்கினார். பிற்காலத்தில், மேடையின் ஓரத்தில் நின்று நண்பருக்குக் கிடைக்கும் கைதட்டலைக் கேட்கும்போது, இது நான் எழுதிய பாடல் என்ற எண்ணம் தமக்கு எழுந்ததுண்டு என்று சைமனே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இத்தனையும் தாங்கிய பாடல், முழு வடிவம் பெறுமுன் எப்படி இருந்தது என்று கேட்கக் கிடைப்பது பெரும் பேறு. ஆனால் அதற்குத் தனி இடம் வேண்டும். பழந்தமிழ் நூலைப் பதிப்பிப்பவர் பாடவேறுபாடுகளை எல்லாம் தேடித் தொகுத்துத் தருவார். மூலச்செய்யுளின் கடைசி அடிக்குக் கீழே அதன் தொடர்ச்சிபோல் அச்சிட மாட்டார். இசைக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும்.

நாற்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2011இல் வந்த பதிப்பு அந்த ஒழுங்கைக் கைக்கொண்டது. தங்கள் கட்டுரையாளர் பழித்திருப்பதும் இதையே என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் தகட்டில் மூலத்தின் பதினொரு பாடல்கள் மட்டும் இருக்கின்றன. ‘ஸாங் ஃபார் தி ஆஸ்கிங்’ முடிந்ததும் தகடு நின்றுவிடுகிறது. இரண்டாவது தகட்டில் 1969ஆம் ஆண்டு மேடை நிகழ்ச்சிகளின் பதிவு. மூன்றாவது காணொளித் தகடு. அதில் 1969இல் எடுத்த ‘ஸாங்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற தொலைக்காட்சிப் படமும், தொகுப்பு உருவான விதத்தைப் பற்றிப் புதிதாக எடுத்த ‘தி ஹார்மனி கேம்’ என்ற ஆவணப்படமும் இருந்தன. பக்கத்தில் வைத்தார்கள், உள்ளே நுழைக்கவில்லை. அந்த ஒரு முடிவுக்காகவே அப்பதிப்பை நான் மதிக்கிறேன்.

அந்தத் தொலைக்காட்சிப் படம் மட்டுமே போதும், மறுவெளியீடு எல்லாம் வணிகம் என்ற கூற்றை மறுக்க. சார்லஸ் குரோடின் இயக்கிய அப்படம் 1969 நவம்பர் 30 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வியட்நாம் போர், வறுமை, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் ஆகியவற்றின் காட்சிகளைப் பாடல்களோடு சேர்த்துத் தொகுத்திருந்தார்கள். அதைப் பார்த்த விளம்பர ஆதரவு நிறுவனமான ஏடி அண்ட் டி விலகிக்கொண்டது. வேறு ஒரு நிறுவனம் ஏற்ற பிறகே ஒளிபரப்ப முடிந்தது. இன்னும் வெளிவராதிருந்த ‘பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்’ பாடலை அமெரிக்க மக்கள் அன்று கேட்டபோது, திரையில் கென்னடி சகோதரர்களும் மார்ட்டின் லூதர் கிங்கும் வந்தார்கள். ராபர்ட் கென்னடியின் உடலைச் சுமந்துசென்ற ரயிலையும், இருப்புப்பாதை ஓரம் நின்று வணங்கிய எளிய மக்களையும் காட்டினார்கள். இன்று ஆறுதல் பாடலாக, துக்க வீடுகளிலும் வழிபாட்டிடங்களிலும் பாடப்படும் அப்பாடல், தொலைக்காட்சியில் முதன்முதலில் ஒரு தேசத்தின் துக்கத்துக்கு நடுவே ஒலித்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறைப்படி வெளியிடப்படாமல் கிடந்த அந்தப் படத்தை நமக்குத் தந்தது 2011ஆம் ஆண்டு மறுவெளியீடுதான். அதைப் பார்த்த பிறகு அப்பாடலின் மூன்றாவது சரணத்தில் எழும் இசைவெள்ளத்தை என்னால் முன்புபோல் வெறும் அழகாகக் கேட்க முடியவில்லை.

மேடைப் பதிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது 2008இலேயே தனியாக வெளிவந்துவிட்டது என்பது உண்மை. ஏற்கெனவே விற்றதை மீண்டும் சேர்த்து விற்றார்கள் என்று கட்டுரையாளர் குறை சொன்னால் அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அது இருக்க வேண்டிய இடம் இதுவே. தொகுப்பு கடைக்கு வருவதற்குச் சில மாதங்கள் முன்பு நடந்த நிகழ்ச்சிகள் அவை. அவையில் இருப்பவர்களுக்குத் தலைப்புப் பாடல் முற்றிலும் புதியது. லாரி நெக்டல் பியானோவைத் தொடுகிறார், கார்ஃபங்கல் பாடுகிறார், யாரும் இருமுவதுகூடக் கேட்கவில்லை. உலகம் முழுவதும் மனப்பாடமாகிவிட்ட ஒரு பாடலை, முதல் முறையாகக் கேட்பவர்களின் அமைதியோடு சேர்த்துக் கேட்க வேறு வழி எது?

நெக்டலின் பெயரைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பாடல்களை இணையவழியில் மட்டும் கேட்கும் இளைய தலைமுறையினர் அவர் பெயரை எங்கே காண்பார்கள்? அப்பாடலின் பியானோவை நற்செய்தி இசையின் சாயலில் அமைத்ததில் அவருடைய பங்கு பெரிது. ஹால் பிளெயின் மத்தளங்களையும் ஜோ ஆஸ்போர்ன் பாஸ் கிதாரையும் இசைத்தார்கள். ‘தி பாக்ஸர்’ பாடலின் தொடக்கத்தில் நீரோட்டம்போல் வரும் கிதாரில் ஃபிரெட் கார்ட்டர் ஜூனியரின் விரல்களும் இருக்கின்றன. நூறு மணி நேரத்துக்கும் மேல் உழைத்து, நாஷ்வில்லிலும் நியூயார்க்கிலும் ஒரு தேவாலயத்திலும் பகுதி பகுதியாகப் பதிந்து கோத்த பாடல் அது. அதன் பல்லவியில் வெடிபோல் விழும் மத்தள அடியைப் பதிவதற்காக, ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, மின்தூக்கிக்கு அருகில் இருந்த நடைவழியில் பிளெயினை அடிக்கச் செய்தார்கள். ‘சிசிலியா’ பாடலின் தாளமோ லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கியிருந்த வீட்டில் நண்பர்களோடு தொடையிலும் பியானோ இருக்கையிலும் தட்டி, வீட்டு ஒலிநாடாக் கருவியில் பதிந்த விளையாட்டிலிருந்து பிறந்தது. இவற்றை எல்லாம் சொல்லும் கையேடும் ஆவணப்படமும் ஒரு மறுவெளியீட்டில் கிடைக்கும்போது, உழைத்தவர்களுக்குச் சேர வேண்டிய பெயர் சேருகிறது.

பெயர் சேர்வது சிறிய செய்தி அன்று. ‘எல் காண்டோர் பாஸா’ பாடலின் மெட்டை, பாரிஸில் ‘லாஸ் இன்காஸ்’ குழுவினர் வாசிக்கக் கேட்ட சைமன், அது பழைய நாட்டார் மெட்டு என்றே நம்பி, அவர்கள் வாசித்த பதிவின் மேலேயே தம் வரிகளைப் பாடினார். உண்மையில் அது பெரு நாட்டு இசையமைப்பாளர் டேனியல் அலோமியா ரோப்ளெஸ் 1913இல் ஓர் இசைநாடகத்துக்காக அமைத்தது. அவருடைய மகனும் திரைப்பட இயக்குநருமான அர்மாண்டோ ரோப்ளெஸ் கோடோய் வழக்குத் தொடுத்தார். இது தவறான புரிதலால் நேர்ந்தது என்று அவரும் ஏற்றுக்கொள்ள, பகையின்றியே தீர்ந்தது. பின்னர் ரோப்ளெஸின் பெயரும் பாடலோடு சேர்ந்தது. முதல் அச்சில் நேர்ந்த பிழையை அடுத்த அச்சில் திருத்துவது நூலுக்கு மட்டும் உரிய கடமையா?

2011 பதிப்பில் எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. 2001இல் தவறான இடத்தில் ஒட்டப்பட்டிருந்த அந்த இரண்டு மாதிரிப் பதிவுகளையும் அதில் காணோம். இடம் மாற்றி வைத்திருக்க வேண்டியவற்றை அடியோடு எடுத்துவிட்டார்கள். 2011 பதிப்பை மட்டும் வாங்கியவருக்கு ஆறாவது மாதிரி கிடைக்காது. நானும் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்: தொகுப்பைக் கேட்க ஒன்று, அந்த மாதிரியைக் கேட்க மற்றொன்று. அந்த இரண்டையும் மேடைப் பதிவின் தகட்டிலோ வேறொரு சிறு தகட்டிலோ சேர்த்திருந்தால் வாசகருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கக்கூடிய ஒரே பதிப்பாக அது இருந்திருக்கும்.

இவ்விருவரும் மீண்டும் ஒரு தொகுப்பு தந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் இருந்தது. 1981 செப்டம்பரில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் பெருங்கடலெனத் திரண்ட மக்கள்முன் பாடினார்கள். அதன் தொடர்ச்சியாக இருவரும் சேர்ந்து ஒரு தொகுப்புக்கு வேலையும் செய்தார்கள். கடைசியில் சைமன் நண்பரின் குரலை நீக்கிவிட்டு 1983இல் அதைத் தம் தனித்தொகுப்பாகவே வெளியிட்டார். எனவே 1970ஆம் ஆண்டுத் தொகுப்பே கடைசியாக நின்றுவிட்டது. கடைசி என்று ஆகிவிட்ட ஒன்றின் முடிவைத் தொடுபவர் இருமடங்கு கவனத்தோடு தொட வேண்டும் என்று நான் வேண்டுவது அதனால்தான்.

தங்கள் இசைப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இனி மறுவெளியீடு எதைப் பற்றி எழுதினாலும், மூலத்தின் பாடல் வரிசை அப்படியே இருக்கிறதா, புதிதாகச் சேர்த்தவை எந்த இடத்தில் இருக்கின்றன, வாத்தியக் கலைஞர்களின் பெயர்களும் மெட்டமைத்தவரின் பெயரும் அச்சாகியிருக்கின்றனவா என்ற விவரங்களை விலையோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையாளர் 2011 பதிப்பின் முதல் தகட்டை ஒருமுறை தொடக்கத்திலிருந்து கேட்டு, பதினோராவது பாடல் முடிந்தபின் ஒரு நிமிடம் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, அதன் பிறகும் தம் கருத்து மாறவில்லை என்றால் மீண்டும் எழுதட்டும். மிகுந்த மதிப்போடு படிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்